சிலுவைக் கல்லடியில் எவரும் இல்லை என்று நான் சொன்ன பொய்யைத் திருத்தக் கோரி

அனுப்புநர்:
திருமதி கோப்னட் மோரியார்ட்டி,
கில்வார்னா, கெர்ரி மாவட்டம், அயர்லாந்து.

பெறுநர்:
தொல்சின்னப் பிரிவு அதிகாரி அவர்கள்,
டப்ளின்.

பொருள்: கில்வார்னா அகழாய்வை நிறுத்தி வைக்கவும், என் வாக்குமூலத்தைத் திருத்தவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் மேய்ச்சல் நிலத்து முட்புதருக்குள் நின்ற சிலுவைக் கல்லைத் தங்கள் அலுவலகத்துக்குத் தெரிவித்தவள் நானே. கெல்ட்டிய முன்னோர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கிறிஸ்துவை ஏற்றதற்கு அது சான்று என்று ஆய்வாளர் செல்வி ஃபிடெல்மா கீயோ கூறியபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரொட்டி சுட்டுக் கொடுத்தேன்.

2. அப்பெண் என் சமையலறையில் அமர்ந்து, "இங்க யாரையாச்சும் புதைச்சிருக்காங்களாம்மா?" என்று கேட்டார். "அங்க போயி யாரு புதைப்பா? ஆடு மேயுற இடம்," என்றேன். அதை அப்படியே அறிக்கையில் எழுதினார். அவர் மீது குற்றமில்லை.

3. நான் சொன்னது பொய், ஐயா. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைக்கு அந்நாளில் கோயில் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை, சாமியாரும் வரமாட்டார். பழைய துறவிகள் வாழ்ந்த மண்ணாவது புனிதமாயிற்றே என்று, இவ்வூர்த் தகப்பன்மார் பிள்ளைகளை அக்கல்லருகே கொண்டுபோய் வைத்தார்கள். ஊருக்கே தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை, நானும் திறக்கவில்லை.

4. 1959 நவம்பரில் எனக்கொரு பெண் குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. என் கணவர் மொரிஸ் வெண்ணெய் அடைத்து வரும் மரப்பெட்டியில் வைத்து எடுத்துப் போனார். தாய் உடன் போகும் வழக்கமில்லை. திரும்பி வந்து, "கல்லுக்குக் கிழக்கால மூணடி. வெள்ளைக் கல்லு ஒண்ணு வெச்சிருக்கேன்," என்றார். பிறகு அவர் சாகும்வரை நாங்கள் அதைப் பேசவில்லை.

5. வரும் திங்கட்கிழமை, துறவிகள் காலத்து மண்ணை எட்டுவதற்காக மேல்மண்ணை இயந்திரத்தால் வழிக்கப்போவதாக அறிகிறேன். கல்லைச் சுற்றிக் கிடக்கும் வெள்ளைக் கற்கள் 'பொருட்படுத்தத் தக்கவை அல்ல' என்கிறது அறிக்கை. நேற்று போய் எண்ணினேன், நாற்பத்தொன்று இருக்கின்றன. அவற்றின் மேல் இயந்திரம் ஏறினால் அந்தப் பாவம் என்னுடையது.

ஆகவே இயந்திரத்தை நிறுத்துமாறு மன்றாடுகிறேன். துறவிகளைத் தாராளமாகத் தேடுங்கள். அந்த வெள்ளைக் கற்களை மட்டும் அசைக்காதீர்கள். அறிக்கையில் என் பதிலை அடித்துவிட்டு, இவ்வாறு எழுத வேண்டுகிறேன்: நெசா மோரியார்ட்டி, கல்லுக்குக் கிழக்கே மூன்றடி.

இந்தப் பெயரை நான் மொரிஸிடம்கூடச் சொன்னதில்லை.

இடம்: கில்வார்னா
நாள்: 14 மே 1998

இப்படிக்கு,
கோப்னட் மோரியார்ட்டி
(நெசாவின் தாய்)