பாக்கு வாயில் இருந்தால் குரல் இல்லை

8 மார்ச் 1943, திங்கள்
காலையிலிருந்து மழை. கருவாட்டு மூட்டை இரண்டில் ஈரம். பிரித்து அடுப்புக்கு மேலே பரப்பியாயிற்று. பக்கத்து நெல் ஆலை ஓடுகிறது. எனக்கு ஆலைச் சத்தம் பத்து நிமிடத்தில் காதைவிட்டுப் போய்விடும். தம்பி மாணிக்கத்துக்குப் போவதில்லை. ஆலையின் ஒவ்வொரு இடியும் அவனுக்கு முதல் இடி. நாளெல்லாம் திடுக்கிடுகிறான். மழை, ஆலை, வாங்க வருகிறவர்கள் பேச்சு, எல்லாம் ஒரே உரப்பில் கேட்கிறதாம். நடுவில் ஆளில்லாமலே ஓர் ஆம்பிளைக் குரல், அவனுக்கு மட்டும்.

"ரேடியோ கணக்கா பேசிக்கிட்டே இருக்கான்ணே."

"மெதுவா சொல்லுடா. ரேடியோ வச்சிருந்தா ஜப்பான்காரன் தலைய எடுக்குற காலம்லா இது."

10 மார்ச், புதன்
வாங்க: உப்பு, சாக்கு ஊசி. கருவாடு எடுக்க தஞ்சோங் டாவாய் கடற்கரைக்கு ஆள் அனுப்ப.

மாணிக்கம் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன். குரல் நிற்கவில்லை. ஆனால் குரல் வரும்போது அவன் உதடு லேசாக அசைகிறது. கொட்டைப்பாக்கை வாயில் அடக்கச் சொன்னேன். அரை மணி நேரம் குரல் இல்லை! சிரித்தான். எத்தனை மாதமாயிற்று.

எனக்குப் பட்டது: பேசுவது அவனேதான். மூளை தன் சரக்கையே அடுத்த கடைச் சரக்கென்று நினைக்கிறது.

மச்சான் வேலுவிடம் மட்டும் சொன்னேன். தங்கை புருஷன், கடையில் கூட்டாளி. "வெளிய விடாதீங்க மச்சான், நம்மோட போவட்டும்" என்றான். பாரம் பாதி இறங்கியது.

13 மார்ச், சனி
ஜப்பான் சிப்பாய்கள் இருவர், அவர்கள் பேச்சைத் தமிழில் சொல்ல ஒரு துபாஷி. ரேடியோ தேடி. கூரை, தரை, மூட்டை எல்லாம் குத்திப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. மாணிக்கத்தைக் கொண்டுபோய்விட்டார்கள்.

துபாஷி என்னிடம் கருவாடு வாங்குகிறவன். போகிற போக்கில் காதோரம்: "மொதலாளி, காட்டிக்குடுத்தது ஒங்க மச்சான்தான். ஒங்க தம்பி தெனம் வெளிநாட்டுச் சேதி கேக்குறான்னு சொன்னாரு. கடை லைசென்சு இனிமே அவரு பேருல."

ரேடியோ இல்லையென்று வேலுவுக்குத் தெரியும். பாக்கு உட்பட நானே விளக்கியிருக்கிறேன்.

14 மார்ச், ஞாயிறு
வேலு வந்தான். கையில் இரண்டு தேங்காய்.

"விசாரிச்சுட்டு விட்டுருவாங்க மச்சான். லைசென்சு நம்ம கையிலயே இருந்தா ரெண்டு குடும்பமும் பொழைக்கும்லா."

"எந்த ரெண்டுடா?"

தேங்காயைத் திண்ணையில் வைத்தான். செருப்பால் அடித்திருக்க வேண்டும். பின்னால் தங்கை நின்றாள். அடிக்கவில்லை.

15 மார்ச், திங்கள்
விசாரணைக் கொட்டகைக்குப் போனேன். மாணிக்கம் மண்டியிட்டபடி, கன்னம் வீங்கி.

"ரேடியோ எங்க?"

"தெரியல ஐயா. பேசுறது மட்டும் கேக்குது."

இன்னொரு முறை அப்படிச் சொன்னால் தலை நிற்காது. சரக்கு, மூளை, உதடு என்று விளக்க அங்கே யாருக்குப் பொறுமை? கும்பிட்டு, மலாயில் ஒரே சொல்: "கீலா." பைத்தியம் என்று. அதிகாரி சிரித்தான். கை தட்டித் திரும்பச் சொல்லச் சொன்னான். தட்டினேன். கீலா, கீலா. எத்தனை தடவை என்று தெரியாது. விட்டுவிட்டார்கள்.

வழியில் மாணிக்கத்துக்குத் தண்ணீர் நீட்டினேன், வாங்கவில்லை. வாசலில் நின்று சொன்னான்:

"என் காதுல பேசுற ஆளு என்னென்னமோ திட்டுவான்ணே. அவன்கூட என்னைய அப்படிச் சொன்னதில்ல."