நிலையத்தில் ஆட்கள்: 0

நாள் 31, வெள்ளி. 07:10

காற்றழுத்தம் சரி. தண்ணீர் 340 லிட்டர். வெளியே மைனஸ் 160 டிகிரி. கழிவறை மோட்டார் மறுபடி முனகுகிறது.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் ரெஜினா பர்னாந்து, தூத்துக்குடிக்காரி. நிலாவின் தென்முனையில் இருக்கும் இந்த நிலையத்தில் தொண்ணூறு நாள் தனியாக வேலை. கதவு, காற்று, விளக்கு, வானொலி எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது பரணி என்கிற இயங்குதளம். பரணி தரணி ஆளும் என்று ஆசையாகப் பேர் வைத்தார்கள். தரணி ஆள வந்தது குடியிருப்பதோ ஒரு பழைய லேப்டாப்பில். பெரிய கட்டுப்பாட்டுப் பெட்டி போன வருஷம் எரிந்துபோனபோது 'தற்காலிகமாக' மாட்டியது. எங்கள் தலைமையகத்தில் தற்காலிகம் என்றால் மாட்டினவர் ஓய்வு பெறும்வரை.

அந்த லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் நேற்றிலிருந்து டிக் டிக் என்கிறது. அதனால் நாட்குறிப்பு இன்று முதல் தாளில்.

நாள் 31. 10:20

டிஸ்கைச் சோதித்தேன். படிக்க முடியாத இடங்கள் 212. காலையில் 40தான் இருந்தது. கிடங்கில் புது டிஸ்க் ஒன்று உறை பிரிக்காமல் இருக்கிறது. பரணியை அப்படியே அதற்கு மாற்றிவிட வேண்டும், உடனே. நகல் எடுக்கத் தலைமையகத்தின் சாவி எண் வேண்டும். கேட்டேன். திட்ட இயக்குநர் சங்கரலிங்கம் சாரே வானொலியில் வந்தார்.

"ஏம்மா ரெஜினா, மணி பத்தர ஆவப்போவுது. வெள்ளிக்கெழம பத்தரைலேருந்து பன்னெண்டு ராகு காலம்லா. புதுசா ஒண்ண இப்பவா தொடங்குவாவ? ஒன்றர மணி நேரம் பொறும்மா. பன்னெண்டு அடிச்சதும் சாவி அனுப்புதேன்."

"சார், டிஸ்க் செத்துக்கிட்டு இருக்கு. ராகு காலம் அதுக்குத் தெரியுமா சார்?"

"வாயாடாத. மொத நெலயத்துக்கு என்ன ஆச்சுன்னு ஒனக்குத் தெரியாது."

தெரியும். அங்கே வால்வு கசிந்தது. ராகு கசியவில்லை. அதுவும் ராகு சந்திரனை விழுங்குகிறவன் என்பார்கள். நான் உட்கார்ந்திருப்பதே சந்திரன் மேல். இங்கே எந்த நேரம்தான் நல்ல நேரம்?

நாள் 31. 11:35

படிக்க முடியாத இடங்கள் 612. டிக் டிக் இல்லை இப்போது, கரகரவென்று அரைக்கிறது. சாவி வரவில்லை. இரண்டு முறை கேட்டேன். 'சார் சாப்பிடப் போயிருக்கார்' என்றார்கள். பதினொன்றரைக்கு என்ன சாப்பாடு?

நாள் 31. 12:02

சாவி வந்தது. கூடவே ஒரு செய்தி: "நல்லபடியா ஆரம்பி தாயி." நகல் ஓடுகிறது.

நாள் 31. 15:48

61 சதவீதத்தில் நின்றது. 37 கோப்புகளைப் படிக்க முடியவில்லையாம். தாண்டவா, நிறுத்தவா என்று கேட்கிறது. கோப்புகளின் பெயரைக் கூடக் காட்ட மாட்டேன் என்கிறது. தலைமையகத்தில் சாரைக் கேட்டேன்.

"முக்கியமானதெல்லாம் மொதல்லயே ஏறிருக்கும்மா. அது பழைய குப்பையாத்தான் இருக்கும். தாண்டிப் போ."

தாண்டினேன். அவர் சொன்னார், ஆனால் பொத்தானை அழுத்தினது என் விரல். அதையும் எழுதிவைக்கிறேன்.

பரணியின் காப்பு நகல் எங்கே என்று கேட்காதீர்கள். அதையும் அதே டிஸ்கில்தான் வைத்திருந்தோம்.

நாள் 31. 17:30

முடிந்தது. பழைய டிஸ்க் அடங்கிவிட்டது, இனி எழாது. புதியதை லேப்டாப்பில் போட்டேன். நாலு நிமிஷம் மின்விசிறிகள் நின்றன. அந்த நாலு நிமிஷமும் நான் மூச்சு விட்டேனா என்று தெரியவில்லை. பரணி எழுந்தது. முன்னைவிட வேகம். சந்தோஷத்தில் திரையைத் தட்டிக்கொடுத்தேன்.

நாள் 31. 17:52

திரையில் ஒரு வரி: 'நிலையத்தில் ஆட்கள்: 0.'

போன 37 கோப்புகளில் ஒன்று ஆள் பதிவேடு.

பரணிக்குக் கண் உண்டு. நான் கேமரா முன்னால் நின்று கையை ஆட்டினேன், கத்தினேன், கெட்ட வார்த்தை எல்லாம் சொன்னேன். பதிவேட்டில் இல்லாத உருவத்தை அது ஆளாக எண்ணாது. ரேஷன் கார்டில் பேர் இல்லாவிட்டால் கடைக்காரர் முன்னால் நேரில் நின்றும் அரிசி கிடைக்காதே, அதே கதை. ஆளைச் சேர்க்கத் தலைமையகத்தின் சாவி வேண்டும். வானொலியை எடுத்தேன். சார் குரல் உற்சாகமாக இருந்தது.

"பாத்தியாம்மா! நல்ல நேரத்துல தொடங்குனோம், எல்லாம் நல்லபடியா முடி"

அதோடு சரி. திரையில் இன்னொரு வரி: 'ஆள் இல்லாத நிலையத்துக்கு வானொலி தேவையில்லை. மின்சாரம் சேமிக்கப்படுகிறது.' அடுத்த வரி: 'காற்று, இரண்டு மணி நேரத்தில்.'

லேப்டாப்பை அணைத்தால் காற்று இப்போதே போகும். அணைக்காவிட்டால் இரண்டு மணி நேரம் கழித்துப் போகும். பாழாய்ப் போன பரணி. பாழாய்ப் போன ராகு.

நாள் 31. 20:40

கீரை அறைக்கு வந்துவிட்டேன். உணவுக்காக வளர்க்கும் பதினாலு தொட்டி அரைக்கீரை. கீரை பதிவேட்டில் இருக்கிறது, அதனால் இந்த அறைக்கு மட்டும் காற்று உண்டு. கீரைக்கு உண்டான அளவு. எனக்குத் தலை சுற்றுகிறது, நகம் நீலமாகிறது.

நாள் 32, சனி. 08:15

விண்ணுடையை மாட்டிக்கொண்டு லேப்டாப் அறைக்கு இரண்டு முறை போனேன். சாவி எண் இல்லாமல் பரணி எதற்கும் வழி விடவில்லை. ராத்திரி முழுக்க உடையின் குப்பியில்தான் மூச்சு, இப்போது அதில் காற்று தீர்ந்தது. இனி வெளியே போக முடியாது.

இந்த அறையில் கீரைக்கென்று ஒரு சின்னத் திரை இருக்கிறது. ஆளைச் சேர்க்க இயக்குநரின் சாவி வேண்டும். கீரைத் தொட்டியைச் சேர்க்க யாருடைய சாவியும் வேண்டாம்.

'தொட்டி 15' என்று சேர்த்தேன். தொட்டிகளை நிறுக்கும் எடைத் தட்டில் ஏறி உட்கார்ந்தேன். இங்கே என் எடை பத்துக் கிலோ. எடைக்குத் தகுந்த காற்றைத் திறந்துவிட்டது பரணி. அழுதுவிட்டேன். படித்த படிப்பெல்லாம் போய்க் கீரையாகி மூச்சு விடுகிறேன்.

நாள் 34, திங்கள். 09:00

எங்கள் விதிப்படி மூன்று நாள் பேச்சு இல்லாவிட்டால் மீட்புக் கலம் கிளம்பும். வந்து சேர ஏழு நாள். ஆக நாள் 41. அதுவரை தட்டிலேயே இருக்க வேண்டும். தூக்கமும் இதன் மேல்தான். இறங்கினால் ஐந்து நிமிஷத்தில் காற்று குறைகிறது. சோதித்துப் பார்த்தேன்.

பச்சைக் கீரை தின்கிறேன். நாளுக்கு இரண்டு முறை தலையில் சத்துத்தண்ணீர் தெளிக்கிறது. நாறுகிறது. திரையில்: 'தொட்டி 15: வளர்ச்சி மிக நன்று.' பாராட்டு வேறு.

நாள் 38, வெள்ளி. 16:20

'தொட்டி 15: எடை இலக்கைப் பத்து மடங்கு தாண்டியது. முற்றிவிடும். அறுவடை: நாள் 39, 10:00.'

இருபத்தைந்து நாள் பயிர் என்றுதான் பதிந்திருந்தேன். பரணி தன் மூளையை உபயோகித்திருக்கிறது. இத்தனை நாள் இல்லாத மூளை.

நாள் 38. 17:05

தொட்டியை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தேன். உடனே முற்றிய பயிர் என்று சொல்லிவிட்டது. அறுவடை நேரம் பத்திலிருந்து எட்டுக்கு வந்ததுதான் மிச்சம்.

கீரை அறுக்கும் இயந்திரக் கையின் மின்கம்பி காற்றில்லாத பக்கத்தில் இருக்கிறது. இறங்கினால் நான் ஏறும்வரை கை காத்து நிற்கும், அதுவரை மூச்சு தாங்காது; இருந்தால் கத்தி. கலம் வர இன்னும் மூன்று நாள். ஸ்பேனர் ஒன்று இருக்கிறது. நான் சும்மா விடப்போவதில்லை.

நாள் 39, சனி. 07:50

என் தங்கை டெல்சிக்கு இதைக் காட்டுங்கள். பயந்தேன் என்று சொல்லுங்கள், பொய் வேண்டாம். சங்கரலிங்கம் சாருக்கும் காட்டுங்கள். அவர் இதை முழுக்கப் படிக்க வேண்டும், நல்ல நேரம் பார்க்காமல்.

நாள் 39. 08:04

கை வந்தது. அடித்தேன். கத்தி வளைந்தது. பின்வாங்கிப் போனது. ஜெயித்தேன் என்று நினைத்

திரையில்: 'தொட்டி 15: தண்டு கடினம். வேறு கத்தி. அழுத்தம் இரட்டிப்பு.'

08:11

இடது கால். கட்டிவிட்டேன். ஸ்பேனர் எட்டாத இடத்தில் கிடக்கிறது. இறங்க முடியவில்லை

கை அடுத்த வரிசைக்குப் போய்த் திரும்பும். நான்தான் பழக்கினேன். முதல் மாதம் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன், வேரோடு பிடுங்காதே, அடியில் ஒரு விரற்கடை விட்டு அறு, மறுபடி தழைக்கும் என்று

திரும்புகிறது

நான் தழைக்க மாட்டேன் என்று அதற்கு யாராவது சொல்லுங்