படிவத்தில் என் பெயர்

கிளிஃபர்ட்,

மந்தைவெளியில் ஸ்டெல்லா டீச்சர் வீட்டில் நம் சர்ச் குடும்பங்கள் கூடும் அன்பிய ஜெபத்துக்குப் போகிறேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு இன்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். மீன் குழம்பு இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்.

ஐந்து மணிக்கு நீ வரச்சொன்ன ஃபாரெக்ஸ் ஆளை வாசலோடு அனுப்பிவிடு. "இது வேற கம்பெனிம்மா, உனக்கு இன்னா தெரியும்?" என்று காலையில் கத்தினாய். கம்பெனிதான் வேறு; அப்பாவைப் பழைய கம்பெனியில் சேர்த்துவிட்டவனும் இவனேதான். டாலர் வாங்கி விற்பதில் அவ்வளவு லாபம் வருமென்றால், "கீழ ரெண்டு பேரைச் சேத்துவுடு சார்" என்று ஏன் வீடு வீடாக அலைகிறான்? புதிதாகச் சேர்கிறவர்களின் பணத்தைத்தான் பழையவர்களுக்கு லாபமென்று கொடுக்கிறார்கள். அது புரியாமல் அப்பா, ஜெபமாலை முடிந்த கையோடு அன்பியத்தில் பதினோரு குடும்பங்களைச் சேர்த்தார். வாத்தியார் சொன்னால் சரியாயிருக்கும் என்று நம்பினார்கள். கம்பெனிக்காரர்கள் எல்லார் பணத்தோடும் ஓடிப்போனார்கள். அவர் வெட்கப்பட்டுப் பூசைக்குப் போவதையே நிறுத்தினார். அந்த வேதனையிலேயே போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்கு அந்தப் பதினோரு வீட்டிலிருந்தும் ஒருவர்கூட வரவில்லை. ஸ்டெல்லா டீச்சரும் வரவில்லை.

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு ஜைதூன் பீ அக்காவிடம் கொடு.

அம்மா

மேஜைமேல் அந்தக் கம்பெனியில் சேர நீ நிரப்பிய படிவத்தைப் பார்த்தேன். உனக்குக் கீழே முதல் ஆளாக என் பெயரை எழுதியிருக்கிறாய். அப்பாவும் முதலில் என் பெயரைத்தான் எழுதினார். அன்று பேசாமல் கையெழுத்துப் போட்டேன். இன்று அந்த வரியைப் பேனாவால் அடித்திருக்கிறேன். மீதியை நீயே கிழித்துப் போடு.