இரும்பைத் தின்ற டீ

மார்ச் 3
ஓட்டப் பயிற்சியில் மகள் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சோதித்துப் பார்த்தால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஒன்பது புள்ளி ஒன்று. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். பதினொன்றைத் தொட்டால்தான் மே மாதப் போட்டியில் சேர்ப்பாராம் பயிற்சியாளர். இரண்டு வருட உழைப்பு. வீடு வரும்வரை முகத்தைத் தொங்கப் போட்டிருந்தாள்.

மார்ச் 4
மாத்திரை துரு மாதிரி இருக்கிறதாம். டீக்கடைக்காரன் மகள் இதற்கா கவலைப்படுவது? நன்றாகக் கொதிக்கவிட்டு ஒரு டீ போட்டு நீட்டினேன். “இப்ப பரவால்லப்பா” என்றாள். என் டீயோடு இறங்காத பொருள் உலகத்தில் உண்டா?

மார்ச் 19
தினமும் ஏழு மணிக்கு மாத்திரை, டீ. கடையில் எத்தனை பேர் நின்றாலும் முதல் டீ அவளுக்குத்தான்.

ஏப்ரல் 4
ஒன்பது புள்ளி இரண்டு. ஒரு மாசத்துக்கு இவ்வளவுதானா? ஓடுகிற ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டாள். நான் என்னதான் பண்றது —

ஏப்ரல் 5
போலி மாத்திரை என்று மருந்துக்கடை அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். அவர் அசரவில்லை.
“எதோட சேர்த்துப் போடுறா?”
“டீயோடதான்.”
“யார் போட்ட டீ?”
“நான் போட்டது” என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.
“அப்ப கேடி நீங்கதான். டீயில இருக்கிற துவர்ப்பு இரும்பைப் பிடிச்சு வெச்சுக்கும், உடம்புல சேர விடாது. உங்க டீ வேற தார் மாதிரி இருக்கும்.”
எலுமிச்சைச் சாற்றோடு போட வேண்டுமாம். டீ குடிப்பதென்றால் இரண்டு மணி நேரம் தள்ளி. டாக்டரும் சொல்லியிருப்பார். நான் காது கொடுத்தால்தானே.
ஒரு மாசமா என் கையாலேயே... இதுல முதல் டீ வேற.

ஏப்ரல் 6
மகளிடம் ஒப்புக்கொண்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவிதான், “இருபது வருஷமா உங்க டீயப் பத்தி நான் சொன்னப்ப ஒருத்தரும் நம்பல” என்றாள்.

ஏப்ரல் 22
எலுமிச்சை பிழிந்து பிழிந்து விரலெல்லாம் எரிகிறது. எரியட்டும்.

மே 18
பதினொன்று புள்ளி மூன்று. பெயரைச் சேர்த்துவிட்டார்கள். சீட்டை மூன்று முறை படித்தேன். நாலாவது முறை மகள் பிடுங்கிக்கொண்டாள்.

மே 27
போட்டியில் நாலாவதாக வந்தாள். எங்கேயும் உட்காரவில்லை. கத்திக் கத்தி எனக்குத்தான் தொண்டை போய்விட்டது.

மே 30
காலையில் ஒரு கர்ப்பிணிப் பெண் பையிலிருந்து அதே மாத்திரையை எடுத்துக்கொண்டே, “ஸ்ட்ராங்கா ஒரு டீ” என்றாள். தண்ணீர் தம்ளரை வைத்தேன்.
“இதுல போட்டுக்கம்மா. டீ ரெண்டு மணி நேரம் கழிச்சு.”
என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனாள். எதிர் டீக்கடைக்குப் போகிறாளோ என்று தெருவரை வந்து எட்டிப் பார்த்தேன். இல்லை, பஸ் நிறுத்தத்துக்குத்தான் போனாள்.