நான் கீழே தள்ளிய மண்

போய்ச் சேர்ந்து மூன்று மழைக்காலம் கழிந்தும் என் பக்கத்திலேயே நிற்கிற சம்பந்தி மாடசாமிக்கு,

சின்னக்கருப்பன் கும்பிட்டுச் சொல்லிக்கொள்வது. எனக்கு எழுத்து தெரியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். தலவாக்கலையில் துணிக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா, வியாபாரம் இல்லாத நேரம் பார்த்து, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். எழுதி முடித்ததும் பேப்பருக்கு அனுப்பித் தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். "பேப்பர்ல வந்தா ஒங்க தோட்டத்துக் கணக்கப்பிள்ளையும் படிப்பாரே, பெரியவரே" என்றார். படிக்கட்டும் என்றேன்.

முதலில் நல்ல செய்தி. உங்கள் மகள் செல்லாயி, என் வீட்டு மருமகள், முழுகாமல் இருக்கிறாள். இது எட்டாம் மாதம். இந்த நிலைமையிலும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு காட்டு ஊற்றுக்கு ஏறி இறங்குகிறாள். ஏன் அவ்வளவு தூரம், லயத்து வீடுகளுக்குப் பின்னால் நம் பீலி இருக்கிறதே என்று கேட்பீர்கள். பீலி இருக்கிறது. மூங்கில் வழியாகத் தண்ணீரும் விழுகிறது. ஆனால் செங்கல்லைக் கரைத்து ஊற்றியது போல விழுகிறது. ஒரு குடம் பிடித்து விடிய வைத்தால் அடியில் நாலு விரல் மண் நிற்கிறது. மேலே தெளிந்த தண்ணீரில் சோறு பொங்கினாலும் பல்லில் கரகரவென்று இருக்கிறது.

பீலிக்கு மேலே இருக்கும் மலையில் பழைய தேயிலையை வேரோடு பிடுங்கிவிட்டார்கள், சம்பந்தி. நீங்கள் இருந்தபோது செடிக்கும் செடிக்கும் நடுவில் வெயில் விழாது. இப்போது தோலுரித்த ஆட்டைப் போலத் தொங்குகிறது மலை. புதுக் கன்று வைப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வைத்த கன்றுகளுக்கு உரம் போட்ட அன்று மத்தியானமும் மழை. என் மகனும்தான் உரம் எறிந்தான். சீனி மாதிரி வெள்ளையாக இருந்தது, எறிந்த கை காய்வதற்குள் கரைந்து ஓடிவிட்டது என்றான். மழை விட்ட வாரத்தில் பீலிக்குக் கீழே இருக்கிற குட்டை பச்சைப் பசேலென்று பாசி பிடித்து நாறியது. மாடுகூட முகர்ந்துவிட்டுத் திரும்பிவிட்டது.

லயத்துச் சனம் எல்லாம், காலையில் பேர் பதிகிற பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டோம். செல்லாயி வெறுங்குடத்தோடு முன்னால் நின்றாள்.

"மழ பேஞ்சா மண்ணு வரத்தான் செய்யும்" என்றார் அவர்.

"இத்தன வருசமா மழ பேயலையாங்க?" என்று உங்கள் மகள்தான் கேட்டாள். உங்கள் நாக்கு அப்படியே இருக்கிறது அவளுக்கு.

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "பீலிக்கு மேல கான் வெட்டிச் சுத்தம் பண்ணுனது யாரு? ஒங்கப்பன்தானே? தண்ணி ஓட்டத்தத் தப்பா வெட்டி வச்சிட்டுப் போய்ச் சேந்துட்டான். நான் என்னா பண்ண, மேல போயி அவன இழுத்துட்டா வர்றது?"

நாலு பேர் சிரித்தார்கள். செல்லாயி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மலையில் மழைத் தண்ணீர் வடிகிற அந்தக் கான்களில் உங்களோடு வேலை செய்தவர்களில் உயிரோடு இருப்பது நான் ஒருத்தன்தானே. நான் தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டேன். கட்டி முடிப்பதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது.

அதிலிருந்து ஊற்றுப் பாதையில் அவளுக்குப் பேச்சு விழுகிறது. "அப்பன் வெட்டுன கானுக்கு மக தண்ணி சொமக்குறா" என்கிறார்கள். ஒரு நாள் சாயந்தரம் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"மாமா, எங்கப்பா நெசமாவே தப்பாத்தான் வெட்டுனாங்களா?"

"வயசாயிருச்சு தாயி. எதுவும் ஞாவகத்துல நிக்க மாட்டேங்குது" என்றேன்.

என்னைப் போய் ஞாபகம் இல்லாதவன் என்று நானே சொன்னேன், சம்பந்தி. எந்தக் கானில் எத்தனை குழி, எந்தக் குழியில் தவளை கிடக்கும், எந்தக் குழியில் நீங்கள் வழுக்கி விழுந்து என்னைத் திட்டினீர்கள் என்பது வரை சொல்ல முடிகிறவன்.

நம் பிள்ளைகள் கல்யாணத்தன்றுதான் வாடா போடாவை விட்டுவிட்டு நீங்க வாங்கவுக்கு மாறினோம். இனி நான் சொல்லப் போகிற விஷயத்துக்கு அந்த மரியாதை பொருந்தவில்லை. பழையபடி நீ என்றே சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்.

வெள்ளைக்காரன் கொடி இறங்கி, நமக்கு ஓட்டு இல்லை என்று சொன்ன வருஷத்திலிருந்து உனக்கும் எனக்கும் அந்த மலைதான் வேலை. நடுவில் நிற்கிற பாறைக்கு இடப்பக்கம் உனக்கு, வலப்பக்கம் எனக்கு. கானுக்குள் விட்டுவிட்டு வெட்டியிருக்கிற குழிகளில் மழை கொண்டுவந்த மண் நிற்கும். அதை அள்ளி மேல்பக்கம், தேயிலைத் தூருக்கே திருப்பி எறிய வேண்டும். அதுதான் வேலை. ஈர மண்ணைத் தோளுக்கு மேலே எறிவது என்ன பாடு என்று எறிந்தவனுக்குத்தான் தெரியும். கங்காணி போன பிறகு நான் மம்பட்டியால் கீழே தள்ளிவிடுவேன். அது ஓடைக்குப் போய்விடும். குழியும் சுத்தமாக இருக்கும், பார்க்கிறவனுக்குக் குறையும் தெரியாது. மத்தியானத்துக்குள் என் பங்கு முடிந்துவிடும்.

"என்னடா கருப்பா, விருந்துக்குப் போறவென் மாதிரி ஓடுற?" என்பாய்.

"ஒனக்கு முதுகு இரும்புடா. எனக்கு எலும்பு."

"மண்ண மேல ஏத்துறதுக்குத்தான்டா ஆளு வேணும். கீழ எறக்க மழையே போதும். அதுக்கு எதுக்குடா நீயி?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஒரு தடவைகூடக் கங்காணியிடம் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷம். வலப்பக்கத்தில் இருந்த என் கான்கள் பீலிக்கு நேர் மேலே என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்போது பீலி தெளிவாகத்தான் விழுந்தது. அதனால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். நான் தள்ளிய மண்ணெல்லாம் எங்கே போனது என்று ஒரு நாளாவது யோசித்தேனா?

எங்கே போனது என்று போன மாதம் தெரிந்தது. கொத்மலைப் பக்கம் வயல் வைத்திருக்கிற உன் சிங்களச் சிநேகிதன் புஞ்சிராளை, பலாப்பழம் தூக்கிக்கொண்டு உன்னைப் பார்க்க வருவாரே, அவர் வந்தார். நீ போன சேதி அவருக்குத் தெரியாது. சொன்னதும் லயத்து வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு சாரத்து மடிப்பிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இது நம்ம வயல் மண் இல்ல. ஒங்க மல மண். அர வயல் மூடிட்டது" என்றார். "மிச்ச வயல்ல நெல்லு நல்லா ஒசரம் வளருது. பச்ச, கறுப்புப் பச்ச. கதிர் மட்டும் இல்ல. தண்ணியில ஏதோ வருது. மாடசாமிகிட்ட கேட்டா சொல்லும்னு வந்தேன்."

எனக்கு என் மகன் எறிந்த உரம் நினைவுக்கு வந்தது. நானும்தான் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் அவர் கேட்கவில்லை. செல்லாயி அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். வாயில் வைத்தவர், பல்லில் மண் கரகரத்தும் முழுவதையும் குடித்தார். டம்ளர் அடியில் நின்ற வண்டலைப் பார்த்தார். "இங்கயுமா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் போன மறுநாள் காலையில் மம்பட்டியை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். பாறைக்கு வலப்பக்கம் மூன்று குழியைச் சுத்தம் செய்தேன். அத்தனை மண்ணையும் மேலே எறிந்தேன். நீ சொன்னது மாதிரியே, தோளுக்கு மேலே. மழை வந்து பாறைக்கு அடியில் ஒதுங்கினேன். ஒரு வெற்றிலை மென்று துப்புகிற நேரம்தான். திரும்பிப் பார்த்தால் மூன்று குழியும் நிறைந்து வழிகிறது. நான் எறிந்த மண்ணும் அதோடு சேர்ந்து இறங்கிப் போகிறது. பிடித்து நிறுத்த மேலே ஒரு தூர்கூட இல்லையே.

கணக்கப்பிள்ளையிடம் மறுபடி போனேன். "கெழவா, மூணு வருசத்துல கன்னு வளந்து மலய மூடிரும், மண்ணு நின்னுரும். நீ எதுக்கு நனையுற?" என்றார். மூன்று வருஷத்துக்குப் பீலிக்கு என்ன வழி? புஞ்சிராளையின் வயலுக்கு என்ன வழி? துரை ஆபீசுக்கும் போய் நின்றேன். நின்றுவிட்டு வந்தேன். குடியுரிமை இல்லாதவன், வயசாகி வேலையிலிருந்தும் நிறுத்தப்பட்டவன், மகன் பெயரில் இருக்கிற ஒற்றை அறைக் காம்பிராவில் மூலையில் படுக்கிறவன். நான் சொல்லி யார் அந்த மலையை மூடப் போகிறார்கள்?

இந்த மண்ணில் என் மம்பட்டி தள்ளியது எவ்வளவு, தோட்டம் உரித்துப் போட்டது எவ்வளவு என்று யாரால் பிரிக்க முடியும்? என் பங்கு சின்னதாகவே இருக்கலாம். கடை நானாவும் அப்படித்தான் சொல்கிறார். ஆனால் உன் பங்கு அதில் ஒரு கூடைகூட இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்த ஒருத்தனும் வாயை மூடிக்கொண்டான். நான் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று தெரிந்தால் மகனுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயம். அதைவிட, செல்லாயி என்னை எப்படிப் பார்ப்பாளோ என்று பயம்.

பேப்பர் வருவதற்கு இன்னும் நாளாகும். வந்தாலும் அவளுக்குப் படிக்கத் தெரியாது, யாராவது வாசித்துக் காட்டத்தான் கேட்பாள். இன்னொருத்தர் வாயால் அவள் இதைக் கேட்கக் கூடாது. அதனால் இங்கேயிருந்து நேரே வீட்டுக்குப் போகிறேன். அவளை உட்கார வைத்து, பீலிக்கு மேலே இருந்தது என் கான், ஒங்கப்பன் கான் இல்லை என்று சொல்வேன். திங்கட்கிழமை பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை முன்னாலும் அதையே சொல்வேன். சொல்வதால் தண்ணீர் தெளியப் போவதில்லை. செல்லாயி அழுவாளா, ஏசுவாளா, பேசாமலே இருந்துவிடுவாளா, எனக்குத் தெரியாது. எதுவானாலும் தலைத்துண்டில் கை வைக்காமல் அவள் எதிரில் நிற்பேன். உனக்கு நான் தரக்கூடிய வாக்கு இவ்வளவுதான், மாடசாமி.

உன் மகளுக்கு மாமனாரும், வரப்போகிற பிள்ளைக்கு உன்னோடு சேர்ந்து தாத்தாவுமான
சின்னக்கருப்பன்