கிருமி தின்ற கை

அன்பு மகளுக்கு,

இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் நலம், நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். அம்மாவுக்கு இருமல் விட்டது. மாடிக் குழாயையும் ஒருவழியாக மாற்றியாயிற்று. போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்பாள், அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் அருங்காட்சியகத்தில் இருக்கும் தாயும் பிள்ளையும் சுவரோவியம் உனக்குத் தெரியும். தீப்பிடித்த கட்டடத்திலிருந்து அதை உரித்தெடுக்க, நீ பிறந்த வருஷம், வச்சிரப் பசை பூசித் துணி ஒட்டியது நான்தான். பிறகு துணியைப் பிரித்தபோது துணி வந்துவிட்டது, தோலைக் காய்ச்சி எடுத்த அந்தப் பசை மட்டும் ஓவியத்தின் மேல் கல்லாக இறுகிப்போய் எந்த ரசாயனத்துக்கும் மசியவில்லை. இப்போது ஆய்வுக்கூடத்துக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள், உன்னைவிட இரண்டு வயது சின்னவள், கிருமிக்காரி என்றுதான் கூப்பிடுகிறோம். பசையைத் தின்னும் நுண்ணுயிரிகளை வளர்த்து, ஈரப்பஞ்சில் ஏற்றி ஓவியத்தின் மேல் வைக்கிறாள், இரண்டு மணி நேரத்தில் பழைய வண்ணம் பளிச்சென்று வெளியே வருகிறது. வண்ணத்தைத் தொடாதா என்று இயக்குநர் கேட்டதற்கு, "தொட்டா என் வேலையை எடுத்துக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டாள். வாய்க்கொழுப்பு.

செவ்வாய்க்கிழமை பிள்ளையின் கை மேல் பஞ்சை வைத்தாள். அந்தக் கை பழையதே இல்லை. தீயில் உதிர்ந்துபோன இடத்தில், அதே வச்சிரத்தில் வண்ணம் குழைத்து நான் வரைந்தது, தொட்டிலில் தூங்கிய உன் கையைப் பார்த்துப் பார்த்து. பதிவேட்டில் பழையது என்று எழுதிவிட்டேன். கிருமிக்கு என்ன தெரியும், வழித்துத் தின்றுவிடும். நான் சும்மா இருந்தால் என் பொய் தடயமில்லாமல் போகும், பழி அந்தப் பெண் தலையில் விழும். ஓய்வு பெற நாலு மாதம்தான், பேசாமல் இரு என்று மனசு சொன்னது. சொல்லவே வெட்கமாக இருக்கிறதடி, ஒரு மணி நேரம் அப்படியே நின்றேன். அவளுக்கும் எங்கேயோ ஒரு அப்பன் இருப்பானே என்று தோன்றியபிறகுதான் வாய் திறந்தது. "பஞ்சை எடும்மா, அந்தக் கை நான் வரைஞ்சது" என்றேன். எடுத்தபோது இரண்டு விரல் போயிருந்தது. பக்கத்தில் நின்ற இயக்குநர் விறுவிறுவென்று வெளியே போனார், மறுநாள் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அவள் மட்டும், "மிச்சத்தை என்ன சார் பண்றது?" என்று மெல்லக் கேட்டாள். பழையது இல்லாதது பழையது என்ற பேரில் நிற்கக் கூடாது, எங்கள் தொழில் முறை அது. இன்று காலை பஞ்சை நானே வைத்தேன். மதியத்துக்குள் வெறும் சுண்ணாம்புதான் மிச்சம்.

வேலையில் தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு, என்னைப் போல் இருபத்தெட்டு வருஷம் சுமக்காதே. நீங்கள் இருவரும் குறையில்லாமல் நீடூழி வாழ வேண்டும். அது உன் கைதான் என்று அம்மாவுக்கு மட்டும் தெரியும், நீ விமானம் ஏறியதிலிருந்து மாதம் ஒருமுறை வந்து அந்தக் கையைப் பார்த்துவிட்டுப் போகிறாள். இனி அது இல்லை என்று இந்தக் கடிதம் உன்னிடம் வருவதற்குள் நான் அவளிடம் சொல்லியிருப்பேன். மறக்காமல் வீடியோவில் கூப்பிடு, முகத்தை மட்டும் காட்டாதே, கையையும் காட்டு.

அன்புடன்,
அப்பா