கொடிக்குள் வைத்த சுண்ணாம்பு

முத்தியால்பேட்டை,
10.11.2025

அன்புள்ள அண்ணன் அந்துவானுக்கும், இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் பிரித்துப் படிக்கப்போகும் சிறை அதிகாரி ஐயாவுக்கும் இனியா எழுதுவது.

நான் நலம். நலம் என்றால், சாப்பிடுகிறேன், பள்ளிக்கூடம் போகிறேன். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கிள்ளினால் யாருடைய கன்னத்தையோ கிள்ளுவதுபோல இருக்குமே, இப்போது உடம்பு முழுக்க அப்படி. அப்பாதான் ரசம் வைக்கிறார். அதற்கு மரத்துப்போன நாக்குதான் சரி.

பிளஸ் டூ முழுக்க உன்னைப் பற்றித்தான் பேச்சு. நவம்பர் ஒன்று, புதுச்சேரி விடுதலை நாளுக்குப் பள்ளிக் கொடிக்கம்பத்துக்குப் பெயின்ட் அடித்தவன் நீ, கொடியை மடித்துக் கட்டியவனும் நீ. உள்ளே நீ வைத்த ரோஜா இதழ் எப்படிச் சுண்ணாம்புத் தூளாக மாறியது? "உங்க அண்ணன் தேசத் துரோகியாடி?" என்று தீபலட்சுமி கேட்டாள். "இல்லடி, பெயின்டர்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் வரவில்லை.

கொடியேற்றும் ஹெட்மாஸ்டரின் சாயம் பூசிய தலை வெள்ளையாகட்டும் என்று யாரோ ஆசைப்பட்டிருக்கிறார்கள். மைதானத்தில் கோடு போடும் பொடிதான் அது என்று அந்த யாரோ நினைத்துவிட்டார்கள். கயிறு இறுகிக்கொள்ளும், அதை இழுக்க வரும் அட்டெண்டர் அரிகிருஷ்ணன் அண்ணாந்து பார்ப்பார், அவர் கண்ணில் கொட்டிச் சுடும் என்று நினைக்கவில்லை. அவருடைய இடது கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறதாம்.

விடுதலை நாளுக்கு மறுநாள் கல்லறைத் திருநாள். அம்மாவின் கல்லறைக்கு அடிக்க நீ வாங்கி வைத்திருந்த சுண்ணாம்பு அது. அதைத் தேடித்தான் போலீஸ் நம் வீட்டுக்கு வந்தது. நீ என்னை ஒருமுறை பார்த்துவிட்டு "நான்தான் சார்" என்றாய். நீ இல்லை என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று இங்கே எழுத முடியாது. ஐயா படிக்கிறார்.

ஏன் அண்ணா அப்படிச் சொன்னாய்?

உன் தங்கை,
இனியா


காலாப்பட்டு சிறை,
16.11.2025

பாப்பாவுக்கு அண்ணன் ஆசியுடன் எழுதுவது.

கண்டதையும் எழுதாதே. ஐயா சிரித்துக்கொண்டேதான் கடிதத்தைக் கொடுத்தார். உனக்கு மார்ச்சில் பரீட்சை, அதை மட்டும் பார். அப்பாவை ரசத்துக்குக் கேலி செய்யாதே.

எனக்கு ஒரு குறையும் இல்லை. இன்று சர்ச்சிலிருந்து சாமியார் வந்து பூசை வைத்தார். "கோர்ட்டு குடுக்கற விடுதலைய கோர்ட்டே திருப்பி எடுத்துக்கும். ஆண்டவர் உள்ளாற குடுக்கறத எந்த வார்டனும் எடுக்க முடியாதுப்பா" என்றார். வெளியே இருந்தபோது என்னை யார் பூட்டி வைத்தார்கள்? ஆனாலும் குடி இழுத்த பக்கமெல்லாம் போனேன். அம்மா கண்ணை மூடியபோது நான் சாராயக் கடையில் உட்கார்ந்திருந்தேன். பதினான்கு வயதில் நீ தனியாகப் பக்கத்தில் இருந்தாய். அதை நீ ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை.

இப்போது ஒருத்திக்காக ஒன்று செய்திருக்கிறேன். அன்பால் தானாகக் கட்டுப்பட்டவன் அடிமை இல்லை என்றும் சாமியார் சொன்னார். நன்றாகத் தூக்கம் வருகிறது.

28ஆம் தேதி கோர்ட்டுக்குக் கூட்டிப் போவார்கள். நீதிபதியிடமும் அதையே சொல்லிவிடுவேன். நீ வாயைத் திறக்காதே.

அண்ணன்,
அந்துவான்


முத்தியால்பேட்டை,
21.11.2025

அண்ணா,

நேற்று உன்னைப் பார்க்க பஸ் ஏறினேன். டிக்கெட் காலாப்பட்டுக்கு. அதற்கு முன்னால் பிள்ளைச்சாவடியிலேயே இறங்கிவிட்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை, எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. நினைத்த இடத்துக்குப் போகலாம், நினைத்ததைப் பேசலாம் என்று அரசியல் பாடத்தில் ஐந்து மதிப்பெண் கேள்வி இருக்கிறது. நான் கடலைப் பார்த்தேன். கடல் சும்மா இருந்தது. எதிர்ப் பக்கம் பஸ் பிடித்து வந்துவிட்டேன்.

உன் சாமியாருடைய விடுதலையும் எனக்கு இல்லை, பாடப் புத்தகத்தில் இருப்பதும் இல்லை. இரண்டு பேப்பரிலும் ஃபெயில்.

ஒன்று கேட்கிறேன். அடுத்தவர் பாவத்தைச் சுமக்கும் வேலைக்கு ஏற்கெனவே ஒருவரைச் சிலுவையில் போட்டாயிற்று. அவரும் பொய் சொல்லி அந்த வேலையில் சேரவில்லை. உனக்கு அங்கே வேகன்சி இல்லை. சாமியாரிடம் முழுக் கதையையும் சொன்னாயா, தூக்கம் வருகிறது என்பதை மட்டும் சொன்னாயா?

உன் பூட்டின் சாவியை என் வாயில் போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறாய். பரீட்சைக்கு எப்படிப் படிப்பது?

இனியா


முத்தியால்பேட்டை,
26.11.2025

அன்புள்ள அண்ணா,

நீ பதில் போடவில்லை. இதற்கும் போட வேண்டாம்.

நேற்று அரியாங்குப்பத்தில் அரிகிருஷ்ணன் வீட்டுக்குப் போனேன். போன மாதம் விளையாட்டுக்கு அவருடைய சைக்கிள் மணியைக் கழற்றிப் பள்ளி லேபில் ஒளித்து வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு போனேன். கண்ணில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மணியைக் கையில் கொடுத்ததும் தடவிப் பார்த்து ஒருமுறை அடித்தார்.

"நீதானா அது? ஆஸ்பத்திரி போற வரைக்கும் வாயாலயே மணி அடிச்சிக்கிட்டுப் போனேன் பாப்பா" என்றார்.

அவர் மனைவி அஞ்சலாட்சி அக்கா காபி கொடுத்தார். "உங்க அண்ணன் கையில கொள்ளி வைக்க. பொண்ணு நீ என்னா பண்ணுவ, குடி" என்றார். பாதி குடித்தேன். "அண்ணன் இல்லக்கா, நான்தான் வச்சேன்" என்றேன்.

அக்கா என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அரிகிருஷ்ணன் ரொம்ப நேரம் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "தனியாவா வந்த? இருட்டறதுக்குள்ள பாலத்தைத் தாண்டிடு" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அடிப்பார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். சட்டையை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். "நாளான்னிக்குக் காலையில போலாம். நானும் வர்றேன்" என்றார். நாளை காலை இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போகிறோம். மறுநாள் நீதிபதி உன்னைக் கேட்கும்போது உண்மையைச் சொல். எனக்காக இல்லை. அந்தத் தூக்கம் அப்போதும் வருகிறதா என்று பார்.

மரமரப்பு இன்னும் விடவில்லை. ஓரத்தில் மட்டும் லேசாக வலிக்கிறது.

படிக்கும் ஐயா, இவ்வளவு நாள் சுற்றி வளைத்ததற்கு மன்னிக்கவும். ரோஜா இதழை எடுத்துவிட்டுக் கொடிக்குள் சுண்ணாம்பு வைத்தது நான், இனியா, பிளஸ் டூ, முத்தியால்பேட்டை. அண்ணனிடம் கொடுக்கும் முன் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, அம்மாவின் கல்லறை இந்த வருஷம் கறுப்பாகவே கிடக்கிறது. வெளியே வந்ததும் அடித்துவிடு. போலீஸ் கொஞ்சம் சாம்பிளுக்கு எடுத்துப் போனது போக மீதிச் சாக்கு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது. நான் எடுத்தது ஒரு டம்ளர்தான்.

இனியா